ஆசிய நகரங்கள்ல கைத்தொழிலுக்கு இடம் இருக்கா? டிசைனரை விடுங்க, டெண்டரைப் பாருங்க

"ஆசியாவுல எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கண்ணாடி டவர், ஆனா டிசைன் பத்திரிகையைத் திறந்தா கைவினை, பாரம்பரியம்னு ஒரே பேச்சு. நிஜமாவே நகரத்துல இந்தத் தொழில்களுக்கு எதிர்காலம் இருக்கா, இல்ல ஹோட்டல் லாபி சுவர்ல ஒட்டுறதோட சரியா? ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷம் படிக்கிறேன், இதைத் தீசிஸா எடுக்கலாமா?" இதுதான் நீங்க கேட்டது.

தாராளமா எடுக்கலாம். ஆனா இந்தப் பேச்சு வழக்கமா எப்படிப் போகும்னா, ஒரு டிசைனர் கிராமத்துக்குப் போவார், அழிஞ்சுட்டு இருக்கிற ஒரு தொழிலைப் பார்ப்பார், அதுல ஒரு விளக்கு பண்ணி வெளிநாட்டுக் கண்காட்சியில வைப்பார், தொழில் பிழைச்சுடுச்சுன்னு கட்டுரை வரும். அந்த விளக்குக்கு அப்புறம் அந்தத் தொழிலாளிக்கு அடுத்த மாசம் என்ன வேலை வந்துச்சுன்னு அந்தக் கட்டுரையில இருக்காது. என் கணக்கு ரொம்ப சாதாரணம்: ஒரே வேலை திரும்பத் திரும்ப வந்தா தொழில் நிக்கும், வரலேன்னா போயிடும். வேலை திரும்ப வருமா வராதாங்கிறதை டிசைனரை விட அதிகமா தீர்மானிக்கிறது கட்டட விதி, டெண்டர் ரேட்டு, ஒரு பொருள் உடைஞ்சா நாம யாரைக் கூப்பிடுறோம்ங்கிற பழக்கம், இந்த மூணும்தான். தெரிஞ்ச ஊர்களை வெச்சே சொல்றேன்.

முதல்ல ஜப்பானோட பழைய தலைநகர் கியோத்தோ, ஏன்னா எல்லாரும் அதைத்தான் உதாரணமா காட்டுவாங்க. அங்க நிஷிஜின்னு ஒரு நெசவாளர் பகுதி, கிமோனோ மேல கட்டுற ஒபிங்கிற பட்டைத் துணிக்குப் பேர் போனது, தங்க ரேக்கை ஜப்பான் காகிதத்துல ஒட்டி அதை நூல் மாதிரி மெல்லிசா வெட்டி நெய்வாங்க. 1688-ல ஆரம்பிச்ச ஹொசோன்னு ஒரு குடும்ப நிறுவனம் அங்க இருக்கு. கிமோனோ கட்டுறவங்க குறைஞ்சு தொழில் படுத்ததும் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குத் துணியை எடுத்துட்டுப் போனாங்க. பார்த்தவங்க எல்லாம் ஆஹான்னாங்க, ஆனா ஆர்டர் பெருசா வரலை. காரணம் அழகு இல்ல, அகலம். ஒபி துணி சுமார் 32 சென்டிமீட்டர்தான், அதுல குஷன் உறை தைக்கலாம், பை தைக்கலாம், சுவருக்கோ சோஃபாவுக்கோ போட்டா ரெண்டு அடிக்குள்ள ஒரு தையல் வந்துடும். உள்அலங்காரத் துணிக்குன்னு உலகம் முழுக்க இருக்கிற அளவு ஏறக்குறைய 150 சென்டிமீட்டர். அப்புறம் பீட்டர் மரினோன்னு ஒரு ஆர்க்கிடெக்ட் டியோர்ங்கிற பிரெஞ்சு ஃபேஷன் பிராண்டோட கடைகளுக்குத் துணி கேட்டப்போ, 2010 வாக்குல அவங்க 150 சென்டிமீட்டர் அகலத்துக்குப் புதுசா ஒரு தறியையே உருவாக்கினாங்க. அதே ரேக்கு, அதே நெசவு முறை, தறி மட்டும் வேற, அதுக்கப்புறம்தான் துணி கடைச் சுவருக்கும் நாற்காலிக்கும் போச்சு.

இதுல இன்னொரு விஷயம், 'பாரம்பரியத் தறி'ன்னு இன்னிக்கு நாம பார்க்கிற நிஷிஜின் தறியில உட்கார்ந்திருக்கிற, துளை போட்ட அட்டையை வெச்சு டிசைன் நெய்ய வைக்கிற ஜக்கார்டு மெஷின் பிரான்ஸ்ல இருந்து வந்தது. தலைநகர் டோக்கியோவுக்குப் போனதும் அரசவை வாடிக்கையாளர் எல்லாம் கூடவே போயிட்டாங்க, தொழில் ஆடிப்போச்சு, 1872-ல மூணு பேரை லியோன் நகரத்துக்கு அனுப்பி அந்த மெஷினைக் கத்துட்டு வரச் சொன்னாங்க. அதனால அகலத் தறி வந்ததும் பாரம்பரியம் கெட்டுப்போச்சுன்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும். அவங்க பாரம்பரியமே அப்படி வெளிய போய்க் கத்துட்டு வர்றதுதான்.

ஆனா ஹொசோ ஜெயிச்சதால நிஷிஜின் பிழைச்சுடுச்சுன்னு எழுதிடாதீங்க. அந்த நெசவு ஒரு கூரைக்குக் கீழ நடக்கிற வேலை கிடையாது. டிசைனைக் கட்டம் போட்டு வரையறவர் ஒருத்தர், சாயம் போடுறவர் ஒருத்தர், நூல் முறுக்கறவர், ரேக்கு ஒட்டுறவர், அதை வெட்டுறவர், தறிக்கு விழுது (பாவு நூலைத் தூக்கி இறக்குற கயிறு) கட்டுறவர், நெய்யறவர்னு தெருத் தெருவா பிரிஞ்சு கிடக்கிற சங்கிலி அது. ஒரு பெரிய பிராண்டு நெசவாளரைக் கொண்டாடலாம், போட்டோ எடுக்கலாம், விழுது கட்டுற பெரியவரை யாரும் கொண்டாடுறதில்ல, அவர் நிறுத்திட்டா அத்தனை தறியும் நின்னுடும். தொழிலோட ஆரோக்கியத்தைப் பார்க்கணும்னா விற்பனையை விட்டுட்டு இந்த இடைவேலைக்காரங்களோட வயசைக் கேட்கணும்.

அதே ஊர்ல மச்சியான்னு சொல்ற பழைய மர வீடுகள். குறுகலான முகப்பு, உள்ள நீளமா போயிட்டே இருக்கும், நடுவுல சின்ன முற்றம், சுவர்ல மூங்கில் பின்னி மண் பூசியிருப்பாங்க. கேட்கும்போதே நம்ம ஊர் அக்கிரகார வீடு ஞாபகம் வரும். 2016 வாக்குல எடுத்த கணக்குல சுமார் 40,000 வீடு இருந்துச்சு, அதுக்கு ஏழு வருஷம் முந்தின கணக்குல இருந்து சராசரியா பார்த்தா வருஷத்துக்கு 800 வீடு இடிஞ்சிருக்கு, அதாவது ஒரு நாளைக்கு ரெண்டு. பாதுகாக்கணும்னு இவ்வளவு பேசுற ஊர்ல இது நடக்குது. வாரிசு வரி, நிலத்து விலை, ஆள் இல்லாத வீடுன்னு பல காரணம் இருக்கு, ஆனா நான் முக்கியமா பார்க்கிறது 1950-ல வந்த கட்டடத் தரச் சட்டம். தீ விதி, அடித்தள விதி எல்லாம் வந்ததும் நகர மையத்துல பழைய முறையிலயே புது வீடு கட்ட வழி இல்லாம போச்சு, இருக்கிறதை வெச்சுக்கலாம், பெருசா மாத்திக் கட்டணும்னா புது விதிக்குள்ள வந்தாகணும். ஒரே கையெழுத்துல அந்தத் தச்சருக்கும் மண் பூசுற கொத்தனாருக்கும் புது வீட்டு வேலை போச்சு, ரிப்பேர் மட்டும் மிஞ்சுச்சு. அப்புறம் 2007-ல மையப்பகுதி உயர வரம்பை 45 மீட்டர்ல இருந்து 31-க்கு இறக்கினாங்க, 2012-ல பழைய மரக் கட்டடங்களுக்கு அந்தச் சட்டத்துல இருந்து விலக்கு கொடுக்க நகராட்சி தனி விதி கொண்டு வந்துச்சு. இந்த ரெண்டு காகிதமும் பண்ண உபகாரத்தை எந்த டிசைன் விருதும் பண்ணலைன்னு நான் நினைக்கிறேன். ஆனா முழு வெற்றியும் இல்ல, 2023-ல ஸ்டேஷனுக்குத் தெற்குப் பக்கம் மாதிரி சில இடங்கள்ல வரம்பைத் தளர்த்திட்டாங்க, மிஞ்சின மச்சியா நிறைய கெஸ்ட் ஹவுஸாவும் காபிக் கடையாவும் ஆகிடுச்சு. தச்சருக்கு வேலை இருக்கு, குடியிருந்தவங்கதான் இல்ல.

அடுத்தது சீனாவுல நிங்போ நகரத்து வரலாற்று மியூசியம். உங்க காலேஜ்ல கட்டாயம் காட்டியிருப்பாங்க, வாங் ஷூங்கிற சீன ஆர்க்கிடெக்ட் பண்ணது, 2008-ல முடிஞ்சது, 2012-ல அவருக்குக் கட்டடக்கலையோட பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைச்சுது. அந்தப் பகுதியில சூறாவளி அடிச்சு வீடு விழுந்தா, உடைஞ்ச ஓடு, செங்கல், கல் எதையும் வீணாக்காம அடுக்கிச் சுவர் எழுப்புற ஒரு பழைய முறை இருக்கு, வாபான்னு பேர். அதை அவர் 24 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு போனார், பின்னாடி கான்கிரீட் தாங்கி நிக்குது. படத்துல பார்த்தாலே அசந்துபோவோம், நானும் அதுக்கு ரசிகன்தான்.

ஆனா அந்த ஓடெல்லாம் எங்க இருந்து வந்துச்சு? அந்தப் புது நகரப் பகுதிக்காக இடிச்சுத் தள்ளின கிராமங்கள்ல இருந்து. கிராமம் இடிஞ்சாதான் சுவருக்குச் சரக்கு. அடுத்த கட்டடத்துக்கு இன்னும் கொஞ்சம் கிராமம் இடியணும், ஒரு நாள் இடிக்க ஒண்ணும் இருக்காது. இதுக்காக வாங் ஷூவைக் குறை சொல்ல மாட்டேன், குப்பைக்குப் போகவேண்டியதைக் காப்பாத்தி, கொத்தனாருக்குக் கைவேலையும் கொடுத்தார், அந்தக் கட்டடமே அந்த இடிப்பைப் பத்தின ஒரு குற்றச்சாட்டுதான். ஆனா அதை 'கைத்தொழிலின் எதிர்காலம்'னு தலைப்பு போட்டு ஸ்லைடுல வைக்காதீங்க. காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகள்ல நடந்து பார்த்திருந்தா நான் சொல்றது டக்குனு புரியும். செட்டிநாட்டு வீடு இடிஞ்சு பர்மா தேக்குத் தூணும் கதவும் அங்க வந்து நிக்கும், அது ஏதோ ஒரு ரிசார்ட் ரிசப்ஷனுக்குப் போகும். தூணுக்கு ரெண்டாவது வாழ்க்கை கிடைக்குது, சரி. தூண் கடையறவருக்கு?

இப்போ எனக்குப் பிடிச்ச உதாரணம், ஹாங்காங் மூங்கில் சாரம். கைவினைன்னு யாரும் பேர் வெக்காத, ஷோரூம்ல வெக்க முடியாத ஒரு கைத்தொழில், உலகத்துலயே அதிக வானளாவிகள் இருக்கிற நகரத்துல பல பத்து வருஷமா ஓடிட்டு இருந்தது எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. மூங்கில் எடை குறைச்சல், சந்துக்குள்ள தூக்கிட்டுப் போகலாம், நின்ன இடத்துலயே அளவுக்கு வெட்டலாம், கழியோட கழியைச் சேர்க்க ஆணி போல்ட் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் பட்டையால கட்டுவாங்க. இருபதாவது மாடியில ஏசி ரிப்பேருன்னா ஜன்னலுக்கு வெளியே சுவர்ல பிடிமானம் அடிச்சு ஒரு குட்டிச் சாரம் சீக்கிரமா கட்டி, வேலை முடிஞ்சதும் அவிழ்த்துட்டுப் போயிடுவாங்க, இரும்புல அதே வேலைக்கு நேரமும் காசும் கூட. 1985-ல முடிஞ்ச எச்.எஸ்.பி.சி. வங்கித் தலைமை அலுவலகம், நார்மன் ஃபாஸ்டர் டிசைன், அந்தக் காலத்து ஹைடெக் கட்டடக்கலைக்கே அடையாளம், அதைக் கட்டும்போதும் வெளியே நின்னது மூங்கில் சாரம்தான். நகரம் தினமும் அவங்களைக் கூப்பிட்டுச்சு, அதனால தொழில் நின்னுச்சு, எந்த மியூசியமும் காப்பாத்தலை.

முடிவும் அதே மாதிரிதான் வருது. 2025 மார்ச்ல அரசாங்கம் ஒரு அறிவிப்பு விட்டுச்சு, இனி வர்ற பொதுப்பணிக் கட்டட ஒப்பந்தங்கள்ல குறைஞ்சது பாதியில உலோகச் சாரம் இருக்கணும்னு. அதே வருஷம் நவம்பர்ல தாய் போ பகுதியில வாங் ஃபூக் கோர்ட் குடியிருப்புல பெரிய தீ, ரிப்பேருக்காகச் சுத்திச் சாரம் கட்டியிருந்த டவர்கள், 150 பேருக்கும் மேல செத்துட்டாங்க. வெளியே போர்த்தியிருந்த வலை தீத்தடுப்புத் தரத்துல இல்லாததும் ஜன்னலை மூடி ஒட்டியிருந்த ஃபோம் பலகையும்தான் தீ பரவ முக்கிய காரணமா சொல்லப்பட்டுச்சு, ஆனா உலகம் முழுக்க ஓடின படத்துல தெரிஞ்சது எரியற மூங்கில், பேச்சும் மூங்கிலைச் சுத்தியே போச்சு. இதுல நான் மூங்கில் பக்கம் கண்ணை மூடிட்டு நிக்கலை. சாரத்துல இருந்து விழுந்து ஆள் சாகுறது அங்க பழைய பிரச்சனை, மூங்கில் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, சோதிச்சுத் தரம் சொல்றது கஷ்டம். பாதுகாப்பைப் பாரம்பரியம்னு சொல்லித் தள்ளுறவங்க யாரும் சாரத்துல ஏறினவங்களா இருக்க மாட்டாங்க. என் கேள்வி வேற: மூங்கிலுக்குத் தர அளவு, தீப்பிடிக்காத கட்டுப்பட்டை, வலை சோதனை, பயிற்சின்னு அதே தொழிலை அடுத்த படிக்கு ஏத்துற வேலையில எத்தனை டிசைனர் உட்கார்ந்தாங்க? சாரம் மாதிரி பூப்போட்ட ஆர்ட் இன்ஸ்டலேஷன் பண்ணவங்க நிறைய.

இப்போ நம்ம பக்கம், ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டுல கையால பண்ற தரை டைல்ஸ். இதுல நான் சைட்ல நின்னு பார்த்தது நிறைய, அதனால கொஞ்சம் நீட்டுவேன். செட்டிநாட்டு வீடுகள்ல முதல்ல ஐரோப்பாவுல இருந்தும் ஜப்பான்ல இருந்தும் கப்பல்ல வந்த டைல்ஸ் போட்டாங்க, பக்கத்துலயே ஆத்தங்குடியில கையால பண்ற கல் அப்புறம் வளர்ந்த தொழில். கண்ணாடித் தட்டு மேல சட்டத்தை வெச்சு, அதுக்குள்ள தகட்டு அச்சை வெச்சு, ஒவ்வொரு அறையிலும் வர்ணம் கலந்த சிமென்ட் கரைசலை ஊத்துவாங்க, அச்சை எடுத்துட்டு மேல உலர்ந்த கலவை தூவி, அப்புறம் மணல் சிமென்ட் கலவை போட்டு அமுக்கிச் சமன் பண்ணி, தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு, காய வெச்சா கண்ணாடி தானா விட்டு வரும், அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது, மின்சாரம் ஏறக்குறைய தேவையே இல்ல. கரிம வெளியேற்றம்னு இன்னிக்கு எல்லாரும் கணக்குப் போடுற காலத்துல, சிமென்ட் இருந்தாலும், ஆயிரம் டிகிரிக்கு மேல சுடுற டைல்ஸோட ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த பொருள். இதை உங்க தீசிஸ்ல நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்களேன்.

இப்போ சென்னை, பெங்களூர், கொச்சி கஃபேல எல்லாம் இந்தக் கல் இருக்கு. ஆர்டர் வருது, உண்மை. ஆனா எங்க உடையுதுன்னா பதிக்கிற இடத்துல. வழுவழுன்னு மெஷின் டைல்ஸ் ஒட்டிப் பழகின கையி, மெல்லிசா பசை தடவி நடுவுல ஸ்பேசர் வெச்சு வேகமா போற கையி. இந்தக் கல் அதை விடக் கனம், ஒவ்வொண்ணும் தடிமன்ல நூல் அளவு மாறும், கீழ கலவைப் படுகை போட்டுத் தட்டித் தட்டி மட்டம் பார்க்கணும், இடைவெளி இல்லாம நெருக்கிப் போடணும். மேல சிமென்ட் பால் சிந்தினா உடனே துடைக்கணும், இல்லேன்னா கறை. வேலை முடிஞ்சதும் யாரோ ஒரு அக்கா நல்லெண்ணத்துல ஆசிட் ஊத்திக் கழுவிடுவாங்க, முடிஞ்சது கதை, சிமென்டும் ஆசிடும் சேராது. அப்புறம் வீட்டுக்காரர் 'கல்லு சரியில்ல'ம்பார். அடுத்த வீட்டுக்கு குஜராத் மோர்பியில மெஷின்ல அச்சடிச்ச ஆத்தங்குடி டிசைன் விட்ரிஃபைடு டைல்ஸ் வரும், தூரத்துல இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது, பதிக்கத் தனி ஆளும் வேண்டாம். கல் செய்யறவரைப் பத்தி ஆயிரம் ரீல்ஸ் இருக்கு, பதிக்கிற மேஸ்திரிக்கு ஒரு பயிற்சி கிடையாது. நிஷிஜின்ல விழுது கட்டுறவருக்கு நடந்த அதே கதை.

அரசுக் கட்டடத்துக்கு ஏன் வர்றதில்லைன்னு கேட்டா, பொதுவா காரணம் ரேட்டுப் புத்தகம், ஒவ்வொரு கட்டட வேலைக்கும் அரசு ரேட்டு போட்டு வெச்சிருக்கிற பட்டியல். அதுல இருக்கிற ஐட்டம்னா இன்ஜினியர் நம்பரைப் போட்டு எஸ்டிமேட்டை முடிச்சுடலாம். இல்லாத ஐட்டம்னா தனியா கொட்டேஷன் வாங்கணும், ரேட்டை நியாயப்படுத்தணும், நாளைக்கு ஆடிட்ல ஏன் இதைப் போட்டேன்னு பதில் சொல்லணும். அவருக்கு என்ன தலையெழுத்து? சுண்ணாம்புப் பூச்சு, மெட்ராஸ் டெரஸ்ங்கிற பழைய செங்கல் சுண்ணாம்பு மொட்டைமாடி எல்லாத்துக்கும் இதே கதிதான், மேல எல்-1 வேற, குறைஞ்ச ரேட்டு போட்டவருக்குத்தான் வேலை, அவர் கைவேலைக்காரரை வெச்சுக் கட்டுப்படியாக்க முடியாது.

திரும்ப வர்ற வேலைன்னு சொன்னேனே, அதுக்கு நல்ல சாட்சி சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். 1827-ல ஆரம்பிச்ச கோயில், சுத்தி முழுக்க உயரக் கட்டடம், உலகத்துலயே விலை உயர்ந்த நிலங்கள்ல ஒண்ணு. 2010-ல ஒரு கும்பாபிஷேகம், 2023-ல அடுத்தது. ஒவ்வொரு தடவையும் இந்தியாவுல இருந்து சிற்பிகள் போய்க் கோபுரத்துச் சுதை வேலையைச் சரி பண்ணி வர்ணம் பூசிட்டு வர்றாங்க. ஏறக்குறைய பன்னிரண்டு வருஷக் கணக்குன்னா ஒரு ஸ்தபதி தன் ஆயுசுல மூணு தடவை அதே கோபுரத்துல ஏறலாம், முதல் தடவை எடுபிடி, ரெண்டாவது தடவை கை தேர்ந்தவர், மூணாவது தடவை மேற்பார்வை. ஜப்பான்ல இசே கோயிலை 20 வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா கட்டுறதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான், 2013-ல நடந்தது, அடுத்தது 2033. அதுக்கான மரத்துக்காக 1923-ல இருந்தே 200 வருஷத் திட்டம் போட்டு ஹினோக்கிங்கிற ஜப்பான் சைப்ரஸ் மரம் வளர்க்கிறாங்க. பக்தி இல்லாத கட்டடத்துக்கு இந்த மாதிரி ஒரு தேதியை யார் குறிப்பாங்கங்கிறதுதான் கஷ்டமான கேள்வி, எனக்குத் தெரிஞ்சு அதுக்கு நகராட்சி பராமரிப்பு பட்ஜெட்டைத் தவிர வேற பதில் இல்ல.

டாக்கா பத்தி ஒரு வார்த்தை: ஆர்க்கிடெக்ட் மரீனா தபஸ்ஸும் கட்டின பைத் உர் ரவூஃப் மசூதி, 2012, ஆகா கான் கட்டடக்கலை விருது 2016-ல. அலங்காரமே இல்லாம ஊர்ல எல்லாரும் போடுற செங்கல், எல்லா மேஸ்திரிக்கும் தெரிஞ்ச கைப்பழக்கம். அரிய தொழிலைத் தேடிப் போகாம சாதாரணத் தொழிலை நல்லா பயன்படுத்தினது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே டாக்காவுக்குச் செங்கல் சூளைப் புகை பெரிய தலைவலிங்கிறதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

தீசிஸ்க்கு வர்றேன். தயவுசெய்து 'கைவினை மையம்' டிசைன் பண்ணாதீங்க. நடுவுல முற்றம், சுத்தி பட்டறை, ஒரு ஆம்பிதியேட்டர், ஒரு விற்பனைக் கூடம், வருஷா வருஷம் ஒவ்வொரு காலேஜ்லயும் நாலு பேர் பண்றாங்க, ஜூரிக்கும் போரடிச்சுப் போச்சு. ஒரே ஒரு தொழிலை எடுங்க, அது போய்ச் சேர்ற ஒரே ஒரு நகரத்து வார்டை எடுங்க. யார் செய்யறாங்க, யார் ஏத்துறாங்க, யார் பதிக்கிறாங்க, உடைஞ்சா யார் வர்றாங்கன்னு ஆள் ஆளா வரைபடம் போடுங்க, ஒவ்வொருத்தர் வயசும் அதுல இருக்கணும். எந்த விதி, எந்த ரேட்டு அந்தச் சங்கிலியை எங்க அறுக்குதுன்னு கண்டுபிடிங்க. அதுக்கப்புறம் ஒரு சாதாரணக் கட்டடம், பஸ் ஸ்டாண்டோ ஆரம்ப சுகாதார நிலையமோ, அதை டிசைன் பண்ணி, கூடவே அந்தத் தொழிலுக்கு ஒரு முழு ஸ்பெசிஃபிகேஷனும் ரேட் அனாலிசிஸும் எழுதிக் கொடுங்க: ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு சரக்கு, எத்தனை ஆள் நேரம், தடிமன்ல எவ்வளவு வித்தியாசம் ஒத்துக்கலாம், எப்படிச் சோதிக்கிறது, எதால கழுவக் கூடாது. ஜூரியில ஒருத்தர் இதெல்லாம் டிசைனான்னு கேட்பார், கேட்கட்டும்.

ஆத்தங்குடி எடுக்கிறதா இருந்தா ஐப்பசி கார்த்திகை மழையில போகாதீங்க, வெயில் இல்லாம காய வைக்கிற வேலை மந்தமாயிடும், பட்டறையில ஆளும் குறைச்சலா இருப்பாங்க. மாசி பங்குனியில போய் ஒரு வாரம் தங்குங்க, அப்புறம் சென்னையில அந்தக் கல் பதியற ஒரு சைட்டைப் பிடிச்சு அங்கயும் ஒரு வாரம் நில்லுங்க, ரெண்டாவது வாரத்தை மட்டும் விட்டுடாதீங்க.